காய்ச்சல் வார்டுக்கும் ஹார்ட் மானிட்டர் வேணும். ஆனா யாருக்கு?

1/
"காய்ச்சலுக்குத்தானே சேர்த்தோம், நெஞ்சுல எதுக்கு டாக்டர் ஒயர் ஒட்டுறீங்க? ஹார்ட்ல ஏதாவது பிரச்சனையா?"

"பக்கத்து பெட்டுக்கு டிவி மாதிரி ஒரு மிஷின் வச்சிருக்கீங்க. எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் சார் வைக்கல?"

அரசு மருத்துவமனையில் டியூட்டி பார்க்கிற டாக்டர்கள் இந்த ரெண்டு கேள்வியையும் ஒரே வாரத்தில், சில நேரம் ஒரே ராத்திரியில் கேட்டிருப்போம். ரெண்டுமே நியாயமான கேள்விதான். ரெண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்.

தொற்றுநோயோடு அட்மிட் ஆகிறவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பை 24 மணி நேரமும் பார்த்துக்கிட்டே இருக்கணும். நடக்க வேண்டிய அளவுக்கு அது நடக்கல. அதே நேரம், எல்லாக் காய்ச்சலுக்கும் மானிட்டர் மாட்டறதும் தப்பு. அப்படிச் செஞ்சா நிஜமாவே தேவைப்படறவருக்கு மிஷின் கிடைக்காது.

யாருக்கு மானிட்டர் என்பதை நோயும், கொடுக்கிற மருந்தும், ரத்தப் பரிசோதனையும் முடிவு பண்ணணும். சத்தம் போட்டுக் கேட்கிறவர், ஆள் தெரிஞ்சவர் என்று பார்த்து அது போகக் கூடாது.

3/
முதல்ல ஒரு அடிப்படை விஷயம். ஈசிஜி வேற, மானிட்டர் வேற.

ஈசிஜி ஒரு ஃபோட்டோ. வழக்கமா எடுக்கிற ஈசிஜி பேப்பரில் இருப்பது 10 விநாடித் துடிப்பு. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. காலை ரவுண்ட்ஸில் எடுத்த ஈசிஜி நார்மல் என்றால், அந்த 10 விநாடி நார்மல் என்றுதான் அர்த்தம்.

மானிட்டர் சிசிடிவி மாதிரி. படம் அவ்வளவு தெளிவா இருக்காது, ஆனா விடாம பார்க்கும். அதனால ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது. மானிட்டரில் சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா, முழு ஈசிஜி எடுத்துத்தான் உறுதி செய்யணும்.

4/
"விரல்ல கிளிப் மாட்டியிருக்கே, அது போதாதா?"

கிளிப் ஆக்சிஜன் அளவையும், நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்பதையும் சொல்லும். அந்தத் துடிப்பு எங்கே உருவாகுது, மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரம் ஒழுங்கா இறங்குதா, நடுவில் தடை இருக்கா என்று கிளிப்புக்குத் தெரியாது. அதுக்கு நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஆகணும்.

5/
சரி, கிருமிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? பல வழி இருக்கு.

ஒன்று, கிருமி விடுகிற நச்சு இதயத் தசையைத் தாக்கும். தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியா இதுக்குப் பெரிய உதாரணம்.

ரெண்டு, தசையே வீங்கும். இதுக்கு மயோகார்டைட்டிஸ் என்று பேர். சில வைரஸ்கள், எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் எல்லாம் இதைச் செய்யும்.

மூன்று, இதய வால்வில் கிருமி உட்கார்ந்து, அங்கிருந்து பக்கத்தில் ஓடும் மின்பாதைக்குச் சீழ் பரவும்.

நான்கு, வாந்தி பேதியில் பொட்டாசியம் இறங்கும். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் வழியாவும் பொட்டாசியம் வெளியேறும்.

ஐந்து, நாங்க கொடுக்கிற மருந்து.

ஆறு, காய்ச்சல், ஆக்சிஜன் குறைவு, பிரஷர் இறக்கம் எல்லாம் சேர்ந்து வயசான இதயத்தைத் தடுமாற வைக்கும்.

6/
டிப்தீரியாவைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். மொத்த விஷயமும் அதுக்குள்ள இருக்கு.

குழந்தைக்குத் தொண்டை வலி, காய்ச்சல், தொண்டையில் சாம்பல் நிறப் படலம், கழுத்து வீக்கம். அட்மிட் பண்ணி ஆன்டிடாக்ஸின், ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம். நாலு நாளில் படலம் உரியுது, காய்ச்சல் இறங்குது, குழந்தை இட்லி கேட்குது. வீட்டில் எல்லாருக்கும் உயிர் வந்த மாதிரி இருக்கும்.

ஆபத்தான காலம் பெரும்பாலும் அதுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். நச்சு இதயத்தைத் தாக்கின அடையாளம் வழக்கமா முதல் வாரக் கடைசியிலும் ரெண்டாவது வாரத்திலும்தான் வெளியே தெரியும். தொண்டை தேறுகிற அதே நேரத்தில் இதயம் கெட ஆரம்பிக்கும்.

7/
ஆன்டிடாக்ஸின் கொடுத்தும் ஏன் இப்படி?

ரத்தத்தில் சுற்றும் நச்சை மட்டும்தான் ஆன்டிடாக்ஸின் பிடிக்கும். செல்லுக்குள்ள போயிட்ட நச்சை அதால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நச்சு செல்லில் புரதம் தயாராவதையே நிறுத்திடும். அதனாலதான் ஆன்டிடாக்ஸினில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். முதலில் போட்டாலும் அடுத்த ரெண்டு வாரம் இதயத்தைக் கவனிக்கச் சொல்வதும் அதனாலதான்.

மின்பாதை கெடுவது சில குழந்தைகளுக்குப் படிப்படியா நடக்கும். முதலில் ஈசிஜியில் சின்ன மாற்றம், அப்புறம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே தாமதம், கடைசியில் முழு அடைப்பு. சிலருக்கு வேகமா நடக்கும். முழு அடைப்பு வந்த பிறகு பேஸ்மேக்கர் வச்சாலும் காப்பாற்றுவது கஷ்டம்.

8/
இந்த இடத்தில்தான் பெத்தவங்களுக்கும் எங்களுக்கும் வாக்குவாதம் வரும். "தொண்டை சரியாயிடுச்சு, நல்லா சாப்பிடுறான், எதுக்கு சார் இன்னும் படுக்க வைக்கிறீங்க? எனக்குப் பத்து நாளா கூலி போச்சு."

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கு. தினக்கூலிக்குப் பத்து நாள் என்பது சின்ன விஷயம் இல்ல. ஆனா ஓடி விளையாடுகிற மாதிரி தெரிகிற குழந்தைதான் இந்த நோயில் திடீர்னு விழும். கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகிற அந்த ஒன்பதாவது, பத்தாவது நாள்தான் வார்டில் இருந்தே ஆக வேண்டிய நாள்.

9/
இது ஏதோ பழைய புத்தகத்தில் இருக்கிற நோய் இல்ல. உலகத்தில் டிப்தீரியா அதிகம் பதிவாகும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தடுப்பூசி விட்டுப்போன இடத்தில் திரும்பத் திரும்ப வருது.

வியட்நாமில் ஹோ சி மின் நகர மருத்துவர்கள் தீவிர டிப்தீரியா நோயாளிகளுக்குத் தொடர் ஈசிஜி பதிவு வச்சுப் பார்த்து, யாருக்கு ஆபத்து என்பதை அதைக்கொண்டு கணிக்க முடியுமா என்ற ஆய்வை 1995-லேயே வெளியிட்டாங்க. பணக்கார நாட்டு இதய மையத்தில் நடந்த ஆய்வு இல்ல இது, தொற்றுநோய் மருத்துவமனையில் நடந்தது. முப்பது வருஷம் ஆச்சு.

10/
அடுத்து, மருந்து. இதைப் பற்றி மக்களுக்குச் சொல்லப்படுவது ரொம்பக் குறைவு.

ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்சார ரீதியா ரீசார்ஜ் ஆகணும். ஈசிஜியில் இதை அளக்கிற இடைவெளிக்கு க்யூடி என்று பேர். இது 500 மில்லி விநாடியைத் தாண்டினால், தாறுமாறான துடிப்பு கிளம்பி மயக்கமோ மரணமோ வரும் ஆபத்து கூடுது.

இதை நீட்டக்கூடிய மருந்துகளில் சில: அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், வாந்திக்குப் போடும் ஆன்டான்செட்ரான் ஊசி. எல்லாமே காய்ச்சல் வார்டில் தினமும் புழங்குகிற மருந்து.

11/
பயப்பட வேண்டாம். இவை நல்ல மருந்துகள், கோடிக்கணக்கானவர்கள் எந்தப் பிரச்சனையும் இல்லாம சாப்பிட்டிருக்காங்க. ஒரு மருந்து, நல்ல பொட்டாசியம், ஆரோக்கியமான இதயம் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

சிக்கல் கூட்டணி சேரும்போது. எழுபது வயசுப் பாட்டி, மூணு நாள் வாந்தி பேதி, பொட்டாசியம் தரைமட்டம், ஏற்கெனவே இதயம் வீக், அதுமேல அசித்ரோமைசின், அதுமேல வாந்தி ஊசி. தனித்தனியா எதுவும் தப்பான சிகிச்சை இல்ல. எல்லாம் ஒரே உடம்பில் சேரும்போது துடிப்பைப் பார்க்க ஒரு கண் வேணும்.

அசித்ரோமைசின் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் இதே காரணத்துக்காக எச்சரிக்கை வெளியிட்டது. 2020-ல் கொரோனாவுக்கு அசித்ரோமைசினையும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் உலகமே சேர்த்துக் கொடுத்தபோது, க்யூடி என்ற வார்த்தை முதல்முறையா செய்திச் சேனல் வரைக்கும் வந்தது. அலை ஓய்ந்ததும் அந்தக் கவனமும் ஓய்ந்திடுச்சு. மருந்துகள் அப்படியேதான் இருக்கு.

12/
நிமோனியாவையும் சொல்லணும். "நெஞ்சுச் சளி" என்று நாம லேசா சொல்கிற நோய்.

நிமோனியாவுக்கு அட்மிட் ஆனவர்களைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2012-ல் 'சர்குலேஷன்' இதழில் வந்தது. அதில் நாலில் ஒருவருக்கு மேல் இதயச் சிக்கல் வந்திருந்தது: இதயச் செயலிழப்பு, மாரடைப்பு, தாளம் தப்புதல். அவற்றில் பாதிக்கு மேல் முதல் 24 மணி நேரத்திலேயே. வீட்டிலிருந்தே சிகிச்சை எடுத்தவர்களுக்கு இது ரொம்பக் குறைவு.

அதாவது, அட்மிட் ஆகிற அளவுக்கு நிமோனியா வந்த வயசானவருக்கு முதல் ஒன்றிரண்டு நாள் இதயமும் நோயாளிதான்.

13/
இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

இதய வார்டில் ஒருவர் படுத்திருந்தால் வார்டே திறந்திருக்கும். சிஸ்டர் அந்தப் பக்கம் பத்து தடவை நடப்பார். மானிட்டரும் இருக்கும்.

தொற்றுநோயாளியை எங்கே வைக்கிறோம்? தனி அறையில். கதவு மூடி. உள்ளே போகணும்னா மாஸ்க், கவுன், கையுறை. வெளியே வந்தா கழற்றணும், கை கழுவணும். ஒரு சிஸ்டருக்கு முப்பது நோயாளி என்றால் அந்த அறைக்கு எத்தனை தடவை போக முடியும்? தனிமை அறையில் இருக்கும் நோயாளிகளிடம் மருத்துவப் பணியாளர்கள் போவது குறையுது என்று வெளிநாட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கு.

ஆக, யார் கண்ணுக்கும் படாம இருக்கிற நோயாளிக்குத்தான் மானிட்டரும் இல்ல.

14/
இதயத்துக்கு மானிட்டர் வந்த கதையே இதே பிரச்சனையிலிருந்து பிறந்ததுதான்.

1960-களுக்கு முன்னால் மாரடைப்பு நோயாளிகளைப் பொது வார்டுகளில் அங்கங்கே படுக்க வைப்பாங்க. திடீர்னு துடிப்பு குலைஞ்சு இறப்பாங்க, காலையில்தான் தெரியும். 1961-ல் பிரிட்டனில் டெஸ்மண்ட் ஜூலியன் என்ற மருத்துவர், இவர்களை ஒரே இடத்தில் சேர்த்து விடாம துடிப்பைக் கவனிக்கணும் என்று எழுதினார். 1962-ல் அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் ஹியூஸ் டே அப்படி ஒரு பிரிவையே திறந்தார். இப்படிப்பட்ட பிரிவுகள் பரவின பிறகு, மருத்துவமனையில் நடக்கும் மாரடைப்பு மரணம் ஏறத்தாழப் பாதியாக் குறைஞ்சது.

15/
மிஷின் மட்டுமே அதைச் செய்யல. அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்ஸர் என்ற மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும், திரையில் ஓடும் கோட்டைப் படிக்கவும், டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் ஷாக் கொடுக்கவும் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. உயிர் பிழைச்சது அதனால.

பார்க்க ஆள் இல்லாத மானிட்டர் வெறும் டிவி. இதை எந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கும் சுவரில் எழுதி ஒட்டலாம்.

16/
அப்ப எல்லாருக்கும் மாட்டிடலாமே? கூடாது. ரெண்டு காரணம்.

முதல் காரணம், டெங்குவை எடுத்துக்கோங்க. டெங்குவில் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றுவது ஹார்ட் மானிட்டர் இல்ல. பிரஷர், கை கால் சூடா இருக்கா, சிறுநீர் எவ்வளவு போகுது, ரத்தம் எவ்வளவு கெட்டியாகுது என்று மணிக்கணக்கில் பார்ப்பதுதான். பிரஷர் 100/80 என்றால் பார்க்க நார்மல் மாதிரி இருக்கும். ஆனா மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் வித்தியாசம் 20-க்கு வந்துட்டா அது ஷாக். அந்த நேரத்தில் திரையில் துடிப்பின் தாளம் அழகாத்தான் ஓடும்.

இன்னொன்று, டெங்கு தேறும்போது நாடித்துடிப்பு 50-களுக்கு இறங்குவது சகஜம். நோயாளி உட்கார்ந்து காபி குடிப்பார், மிஷின் சிவப்பா மின்னிக் கத்தும், குடும்பமே அலறும். பிரஷர் நல்லா இருந்து ஆளும் தெளிவா இருந்தால் பெரும்பாலும் அது தானா சரியாகும். (டெங்குவிலும் இதயம் பாதிக்கப்படலாம். திரவம் கொடுத்தும் ஷாக் மீளலைன்னா மானிட்டர், எக்கோ எல்லாம் கண்டிப்பா வேணும்.)

17/
ரெண்டாவது காரணம், அலாரம்.

கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் 77 ஐசியூ படுக்கைகளில் 31 நாள் அடிச்ச அலாரங்களை எண்ணி 2014-ல் வெளியிட்டாங்க. 25 லட்சத்துக்கு மேல். தாளம் தப்பியதாக அடிச்ச அலாரங்களில் ஆராய்ந்து பார்த்தவற்றில் சுமார் 89 சதவீதம் பொய். நோயாளி புரண்டு படுத்தது, ஸ்டிக்கர் வியர்வையில் கழன்றது, இப்படி.

பொய்யாவே கத்தினால் கேட்கிறவர் காது மரத்துப் போகும். அது சோம்பேறித்தனம் இல்ல, மனுஷ இயல்பு. முப்பது பேருக்கும் மாட்டினால் நிஜமான ஒரு அலாரம் அந்தச் சத்தத்துக்குள்ள முங்கிடும். அமெரிக்க இதயச் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் யாருக்கு வேணும் என்பதோடு நிற்கல. யாருக்கு வேண்டாம், எப்ப கழற்றணும் என்றும் சொல்லுது.

18/
சரி, யாருக்கு வேணும்? என் பட்டியல் இது:

• டிப்தீரியா உறுதியானவர், பலமா சந்தேகிக்கப்படுபவர். தொண்டை தேறின பிறகும்.
• மயோகார்டைட்டிஸ் சந்தேகம் உள்ளவர்: காய்ச்சலோடு நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், அல்லது காய்ச்சலுக்குப் பொருந்தாத நாடித்துடிப்பு.
• டெட்டனஸ், அதாவது ரணஜன்னி. இதில் பிரஷரும் துடிப்பும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்.
• வால்வில் கிருமி உள்ளவர், குறிப்பா ஈசிஜியில் தாமதம் தெரிய ஆரம்பித்தவர்.
• கடுமையான எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ், செப்ஸிஸ்.
• பொட்டாசியம் ரொம்பக் குறைந்தவர். ட்ரிப்ஸில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலென்ட்டுக்கு மேல் பொட்டாசியம் ஏறுகிறவர்.
• க்யூடி 500-ஐத் தாண்டியவர்.
• ஏற்கெனவே இதய நோய் உள்ள, தீவிர நிமோனியாவுடன் வந்த முதியவர், முதல் சில நாள்.

19/
சாதாரண வைரஸ் காய்ச்சல், சிக்கல் இல்லாத டெங்கு, டைஃபாய்டு, நல்லா இருக்கிற இளவயது நிமோனியா: இவங்களுக்குத் தேவையில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு பெடாகுயிலின் சாப்பிடுகிறவருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ஈசிஜி எடுத்தால் போதும், தொடர் மானிட்டர் தேவைப்படுவது அபூர்வம்.

மருந்து மாறினால் தேவையும் மாறும். தீவிர மலேரியாவுக்கு நரம்பு வழியா குயினைன் ஏற்றின காலத்தில் துடிப்பைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். ஆர்ட்டிசுனேட் வந்த பிறகு அந்தக் கவலை பெருமளவு குறைஞ்சிடுச்சு.

20/
அரசிடமும் நிர்வாகத்திடமும் நான் கேட்பது ஐசியூ கட்டடம் இல்ல. நாலே விஷயம்.

ஒன்று, தனிமை அறைகளில் சில படுக்கைகளுக்காவது மானிட்டர், அதன் திரை சிஸ்டர் உட்காரும் மேஜையில். கதவு மூடியிருக்கட்டும், துடிப்பு வெளியே தெரியட்டும்.
ரெண்டு, அதைப் பார்க்கப் பயிற்சி பெற்ற செவிலியர், ஒவ்வொரு ஷிஃப்டிலும்.
மூன்று, யாருக்கு மாட்டணும், எப்ப கழற்றணும் என்று வார்டில் ஒரு பக்கத் தாள்.
நான்கு, ஸ்டிக்கரும் ஒயரும் தீராமல் வரணும். ஒயர் அறுந்து மூலையில் நிற்கிற மானிட்டரைப் பார்க்காத அரசு டாக்டர் யாரும் இருக்க மாட்டாங்க. மிஷின் வாங்கினால் திறப்பு விழா உண்டு, ஒயர் வாங்கினால் இல்ல. அதான் பிரச்சனை.

21/
தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மானிட்டர் வேணும் என்றாலே ஐசியூ என்று அர்த்தம் இல்ல. "மானிட்டர் வசதியோட வார்டு பெட், இல்ல ஸ்டெப் டவுன் பெட் இருக்கா? இவருக்கு அது போதுமா?" என்று மரியாதையா கேளுங்க. ஐசியூவே தேவை என்றால் டாக்டர் காரணம் சொல்வார்.

22/
கூட இருக்கிற அட்டெண்டர்கள் செய்யக்கூடியது:

• "இவருக்கு எதுக்காக மானிட்டர்? எத்தனை நாள்?" என்று கேளுங்க. கேட்பதில் தப்பே இல்ல.
• அலாரம் அடிச்சா முதலில் திரையைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க. பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா? பிறகு சிஸ்டரைக் கூப்பிடுங்க. நீங்களே சத்தத்தை அணைக்காதீங்க.
• ஃபோன் சார்ஜ் போட மானிட்டர் பிளக்கைப் பிடுங்காதீங்க. சிரிக்காதீங்க, வாரத்துக்கு ஒரு தடவை நடக்குது.
• வீட்டில் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் கொண்டு வந்து காட்டுங்க. மெடிக்கலில் வாங்கின காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை உட்பட.
• குடும்பத்தில் யாராவது சின்ன வயசில் திடீர்னு இறந்திருந்தால், நோயாளிக்கு அடிக்கடி மயக்கம் வந்திருந்தால், கேட்காமலே சொல்லுங்க.
• பக்கத்து பெட்டுக்கு இருந்து உங்களுக்கு இல்லை என்றால், பெரும்பாலும் அது நல்ல செய்தி.

23/
கடைசியா, இந்தப் பட்டியலில் முதலில் இருந்த டிப்தீரியாவுக்கு மானிட்டரைவிட நல்ல காவல் ஒன்று இருக்கு. இலவசம்.

6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட். 16 முதல் 24 மாதத்தில் டிபிடி பூஸ்டர். 5 முதல் 6 வயசில் இன்னொரு டிபிடி. 10 வயசிலும் 16 வயசிலும் டிடி. கர்ப்ப காலத்திலும் டிடி உண்டு. முதல் மூணு ஊசியை எல்லாரும் போட்டுடறாங்க. விட்டுப்போவது 5 வயசு, 10 வயசு, 16 வயசு ஊசிகள்தான். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இன்னைக்கே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க. விட்டுப்போயிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, லேட்டானாலும் போடுவாங்க.

டிப்தீரியாவோடு குழந்தை வார்டில் இருந்து, "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால், அந்த ரெண்டு நாளைக் கொடுங்க.